ஸ்வார்க்ஸ்டோன் பாலம்: பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் மேல் இன்னும் வண்டிகள் ஓடுவது ஏன்?

டெர்பிவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் டெர்பி நகருக்குத் தெற்கே டிரென்ட் ஆற்றைக் கடக்கும் ஏ514 சாலையில் வேலை நிமித்தமாக அடிக்கடி போய்வருபவன் நான். ஸ்வார்க்ஸ்டோன் ஊரில் ஆற்றைத் தாண்டியதும் பாலம் முடிந்துவிடுவதில்லை. எதிர்ப்புறம் ஸ்டான்டன்-பை-பிரிட்ஜ் என்ற சிற்றூர் வரைக்கும், தாழ்ந்த புல்வெளிகளின் நடுவே, கல்லால் கட்டிய மேட்டுப்பாதையாக முக்கால் மைல் தொலைவுக்கு அது வளைந்து வளைந்து நீள்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கிய கட்டுமானம் என்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட தொல்சின்னங்களின் அட்டவணையிலும், முதல் நிலைக் கட்டடங்களின் பட்டியலிலும் இது இடம்பெற்றிருக்கிறது.

எனக்குப் புரியாதது இதுதான். இத்தனை பாதுகாப்பு உள்ள ஒன்றின் மேல் காலை முதல் இரவு வரை கார்களும் வேன்களும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. எதிரெதிரே இரண்டு பெரிய வண்டிகள் வந்துவிட்டால் ஒன்று கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. சுவர் இடிந்து, சிவப்பும் வெள்ளையுமான தடுப்புகள் வைக்கப்பட்டு, சாலை மூடப்படுவது இப்பகுதியில் எல்லோருக்கும் பழகிப்போன செய்தியாகிவிட்டது. சட்டம் ஒரு கல்லைக்கூட அனுமதியின்றித் தொடக் கூடாது என்கிறபோது, வண்டிகள் மட்டும் எப்படி அனுமதிக்கப்படுகின்றன? பத்துப் பதினைந்து கற்கள் விழுந்ததைத் திரும்ப அடுக்குவதற்கு ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். பெல்லாமாண்ட் குடும்பத்துச் சகோதரிகள் இருவர் தங்களுக்கு நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளைகளை ஆற்று வெள்ளத்தில் பறிகொடுத்ததால், இனி யாருக்கும் அந்த நிலை வரக் கூடாதென்று தம் சொத்து முழுவதையும் செலவிட்டு இப்பாலத்தைக் கட்டி, கடைசியில் வறுமையில் இறந்தார்கள் என்று இங்கே சொல்கிறார்கள். இதில் உண்மை எவ்வளவு?

---

பழங்கணக்கு எழுதுகிறார்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சகோதரிகளின் கதை நெடுங்காலமாக வழங்கிவரும் ஊர்க்கதை. அதற்கு ஆவணச் சான்று கிடையாது. ஆனால் அந்தக் கதையின் உள்ளே இருக்கும் பொருளியல் உண்மையானது. இடைக்கால இங்கிலாந்தில் பாலம் கட்டுவது அரசு வரிப்பணத்தில் நடந்த வேலை அல்ல. பெரும்பாலும் அது அறச்செயலாகவே கருதப்பட்டது. இறப்பவர்கள் உயிலில் பாலத்துக்கென்று பணம் எழுதிவைத்தார்கள். பாலப் பணிக்குக் காணிக்கை கொடுப்பவர்களுக்கு நாற்பது நாள் பாவத் தண்டனைக் குறைப்பு வழங்குவதாக ஆயர்கள் அறிவித்தார்கள். பாலத்தின் மேலேயோ ஓரத்திலோ ஒரு சிற்றாலயம் எழுப்பி, வழிப்போக்கர்களிடம் காணிக்கை பெற்றுப் பராமரிப்புக்குப் பயன்படுத்துவதும் வழக்கமாக இருந்தது. ஸ்வார்க்ஸ்டோனிலும் அப்படி ஓர் ஆலயம் இருந்தது. டெர்பியிலேயே புனித மரியாள் பாலத்தை ஒட்டிய ஆலயம் இன்றும் நிற்கிறது. நீங்கள் அந்தப் பக்கமாகப் போயிருக்கக்கூடும். வேக்ஃபீல்டிலும் ரோதர்ஹாமிலும் செயின்ட் ஐவ்ஸிலும் இத்தகைய ஆலயங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஆக, பெரும் செல்வம் உடைய பெண்கள் இருவர் ஒரு பாலத்துக்குத் தம் பணத்தைக் கொடுத்தார்கள் என்பது அக்காலத்தவர் எவருக்கும் வியப்பளித்திருக்காது.

காணிக்கை போதாதபோது, குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குச் சுங்கம் வசூலித்துக்கொள்ளும் உரிமையை அரசர் எழுதிக் கொடுப்பார். கடந்து செல்லும் சரக்கைப் பொறுத்துக் கட்டணம் விதிக்கப்படும். பழைய மரபுப்படி கடமைப்பட்டவர்களைத் தவிர வேறு எந்த ஊரையும் எந்த ஆளையும் பாலம் கட்டும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவிலேயே ஒரு பிரிவு உண்டு. அதன் மறுபக்கம் என்னவென்றால், பழுதான பாலத்துக்கு யார் பொறுப்பு என்பது அடிக்கடி வழக்காக மாறியது. எட்டாம் ஹென்றி காலத்தில், 1531இல் வந்த பாலங்கள் சட்டம்தான் இதற்கு ஒரு முடிவு கட்டியது. பொறுப்பாளி யாரென்று நிறுவ முடியாத பாலத்தை அந்தந்த மாவட்டமே பழுதுபார்க்க வேண்டும், பாலத்தின் இரு முனைகளிலிருந்தும் 300 அடி வரையிலான சாலையும் அதில் சேரும் என்று அது விதித்தது. 1888இல் மாவட்ட மன்றங்கள் உருவானபோது இந்தப் பொறுப்பு, அதுவரை மாவட்ட நிர்வாகத்தைக் கவனித்துவந்த நீதிபதிகளின் கையிலிருந்து அவற்றுக்கு மாறியது. இன்று ஸ்வார்க்ஸ்டோனுக்கு டெர்பிஷயர் மாவட்ட மன்றம் செலவு செய்வது இந்த நீண்ட தொடர்ச்சியின் விளைவே.

இன்னொரு தகவலையும் சொல்ல வேண்டும். நீங்கள் ஆற்றின் மேலேயே கடக்கும் பகுதி இடைக்காலத்தது அல்ல. 1795ஆம் ஆண்டு வெள்ளத்தில் பழைய ஆற்றுப்பாலம் அடித்துச் செல்லப்பட்டது. இப்போது நிற்பது அதன் பிறகு கட்டப்பட்டது. பழமை முழுவதும் புல்வெளியின் மேல் போகும் மேட்டுப்பாதையில்தான் இருக்கிறது. ஆற்றின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும் பயணிகள் பலர், பார்க்க வந்ததைப் பாராமலேயே போகிறார்கள்.

இந்த வழியின் முக்கியத்துவத்துக்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும். உள்நாட்டுப் போரின்போது, 1643 ஜனவரியில், அரசர் தரப்பினர் இப்பாலத்தைப் பிடித்து அரண் அமைத்திருந்தார்கள். சர் ஜான் கெல்லின் நாடாளுமன்றப் படை அவர்களைத் தாக்கி விரட்டியது. 1745 டிசம்பரில், அரியணைக்கு உரிமை கோரி ஸ்காட்லாந்திலிருந்து கிளம்பிய சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டின் படை டெர்பியை அடைந்தபோது அதன் முன்னணிப் பிரிவு ஒன்று ஸ்வார்க்ஸ்டோன் பாலத்தைக் கைப்பற்றிக் காத்தது. லண்டன் அங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். டெர்பியில் கூடிய போர் ஆலோசனையில் திரும்பிவிடுவதென்று முடிவாயிற்று. டிசம்பர் 6ஆம் தேதி படை வடக்கு நோக்கி நடந்தது. தெற்கே அந்தப் படை எட்டிய எல்லை இந்தப் பாலம்தான்.

---

கல்லும்சுண்ணாம்பும் எழுதுகிறார்:

பழங்கட்டடங்களின் பழுதுபார்ப்புத் துறையில் பணிபுரிகிறேன் என்பதால், சட்டத்தையும் வேலையையும் பற்றிய உங்கள் கேள்விகளுக்கு விடையளிக்க முயல்கிறேன்.

முதலில் சட்டம். 1979ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் மற்றும் தொல்லியல் பகுதிகள் சட்டம் ஒரு சின்னத்தின் மீது செய்யப்படும் வேலைகளைக் கட்டுப்படுத்துகிறது: இடித்தல், அகற்றுதல், பழுதுபார்த்தல், மாற்றுதல், கூட்டிக் கட்டுதல், மண்ணால் மூடுதல் போன்றவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். நெடுங்காலமாகச் சாலையாக இருக்கும் ஒன்றின் மேல் சாலைப் போக்குவரத்து நடப்பது இந்தப் பட்டியலில் வராது. எந்த வண்டி எவ்வளவு எடையுடன் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் நெடுஞ்சாலை அதிகாரம் பெற்ற மாவட்ட மன்றம். ஆகவே, உடைந்த கல்லைத் திரும்ப வைக்க வருபவர் அமைச்சரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும்; அந்தக் கல்லை உடைத்த வண்டி எவரிடமும் கேட்காமல் பாலத்தில் ஏறலாம். கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் நடைமுறை இதுதான். பாலம் இரண்டு பட்டியல்களிலும் இருப்பதால் இரட்டை அனுமதி தேவையோ என்று நீங்கள் நினைக்கலாம், அப்படியில்லை. தொல்சின்ன அனுமதி இருந்தால் பட்டியலிடப்பட்ட கட்டடத்துக்கான அனுமதி தனியாக வேண்டியதில்லை.

விண்ணப்பத்தை, தொன்மைச் சின்னங்களைக் கவனிக்கும் அரசு சார்ந்த அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நிறுவனம் ஆராய்ந்து பரிந்துரைக்கிறது. அனுமதி அமைச்சரின் பெயரில் வழங்கப்படுகிறது. சுவர் சரிந்து யார் தலையிலாவது விழும் நிலை இருந்தால், பாதுகாப்புக்குத் தேவையான மிகக் குறைந்த அளவு வேலையை உடனே செய்வதற்கு 1994ஆம் ஆண்டு ஆணை ஒன்று இடம் தருகிறது. எழுத்துமூலம் தெரிவித்தால் போதும். நீங்கள் பார்க்கும் தடுப்புகளும் தற்காலிக முட்டுகளும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. நிரந்தரமாகச் சீர்செய்வது வேறு கதை.

காலம் பிடிப்பதற்குக் காகித வேலை ஒரு காரணம் மட்டுமே. பெரிய காரணம் சுண்ணாம்பு. இடைக்காலப் பாலங்கள் மணலும் சுண்ணாம்பும் சேர்ந்த சாந்தில் கட்டப்பட்டவை. இந்தச் சாந்து கல்லைவிட மென்மையானது. பாலம் சற்றே அசையும்போது அந்த அசைவைத் தான் வாங்கிக்கொள்ளும், உள்ளே புகுந்த ஈரத்தையும் இணைப்புகளின் வழியே வெளியேற்றிவிடும். இருபதாம் நூற்றாண்டில் நல்லெண்ணத்தோடு சிமென்ட் பூசிய இடங்களில் நேர்ந்தது என்ன? ஈரம் இணைப்பின் வழியே வெளியேற முடியாமல் கல்லின் வழியே வெளியேறத் தொடங்கியது. குளிர்காலத்தில் அந்த ஈரம் உறையும்போது கல்லின் முகம் ஏடு ஏடாக உரிந்து விழுகிறது. சிமென்ட் பூசிய மணற்கல் சுவர் எதையாவது அருகே போய்ப் பாருங்கள்: சாந்துக் கோடுகள் மட்டும் விளிம்பு கூர்மையாகத் துருத்திக்கொண்டு நிற்கும், கல் இரண்டு விரற்கடை உள்ளே குழிந்து போயிருக்கும்.

எனவே இப்போது சுண்ணாம்புச் சாந்தையே மீண்டும் பயன்படுத்துகிறோம். ஆற்றோரத்தில் பெரும்பாலும் நீரில் இறுகும் வகைச் சுண்ணாம்பு. அதற்கு வேகமாக இறுகும் குணம் இல்லை. வெயில் அடித்தாலும் காற்று அடித்தாலும் சீக்கிரம் காய்ந்து பொடிந்துவிடும் என்பதால் நனைத்த சாக்குத் துணியைத் தொங்கவிட்டு, நாள்தோறும் நீர் தெளித்துக் காக்க வேண்டும். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் காலத்தில் வேலை செய்யவே கூடாது. உறைபனி பட்டால் புதிய சாந்து உதிர்ந்துவிடும். நவம்பரில் ஒரு வேன் மோதிய சுவர் வசந்த காலம் வரை தடுப்புகளுக்குப் பின்னால் கிடப்பதற்கு, யாருடைய சோம்பலும் காரணமல்ல.

விழுந்த கற்களில் எவை மீண்டும் பயன்படும் என்று பிரித்து எண்ணிடுவது ஒரு வேலை. உடைந்தவற்றுக்கு ஈடாக, நிறத்திலும் மணல் துகள்களின் பருமனிலும் நீர் உறிஞ்சும் தன்மையிலும் பொருந்தும் மணற்கல்லைத் தேடுவது அதைவிடப் பெரிய வேலை. பழைய கல் எடுத்த சுரங்கம் எப்போதோ மூடப்பட்டிருக்கும். புதிய கல் வெளிறித் தெரிவதைக் கண்டு பலர் முகம் சுளிக்கிறார்கள். அதைச் சாயம் பூசி மறைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. சில ஆண்டு மழையும் பாசியும் அதைச் சரிசெய்துவிடும். அதுவரை எங்கே பழுதுபார்த்தார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரிந்திருப்பதும் நல்லதுதான்.

இன்னொரு தாமதமும் உண்டு, பலருக்கும் தெரியாதது. கல்வளைவுகளின் அடியில் உள்ள இடுக்குகளில் வௌவால்கள் தங்கும். அதிலும் நீர்ப்பரப்பை ஒட்டித் தாழ்வாகப் பறந்து பூச்சி பிடிக்கும் டாபென்டன் வௌவாலுக்குப் பழம்பாலங்கள் மிகவும் பிடித்த இடம். இங்கிலாந்தில் எல்லா வௌவால்களும் அவற்றின் உறைவிடங்களும் சட்டப் பாதுகாப்பு உடையவை. அதனால் வளைவுக்கு அடியில் சாந்து பூசுவதற்கு முன் ஆய்வு நடத்த வேண்டும். குட்டிபோடும் காலத்திலும் குளிர்காலத் தூக்கத்திலும் அவற்றைத் தொந்தரவு செய்ய முடியாது. சுண்ணாம்புக்கு உகந்த மாதங்களையும் வௌவாலுக்கு உகந்த மாதங்களையும் நாள்காட்டியில் குறித்துப் பாருங்கள், மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆற்றுக்குள் சாரம் கட்ட வேண்டுமானால் சுற்றுச்சூழல் முகமையின் அனுமதியும் சேர்ந்துகொள்ளும்.

---

வழிப்போக்கன் எழுதுகிறார்:

மேலே எழுதியவர்களின் அறிவை மதிக்கிறேன். ஆனாலும் விடை எளிமையானது என்றே நினைக்கிறேன். பக்கத்தில் புதுப்பாலம் ஒன்றைக் கட்டிவிட்டு இதை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் விட்டுவிட வேண்டும். மற்ற மாவட்டங்களில் செய்திருக்கிறார்கள். எண்ணூறு ஆண்டுக் கட்டுமானத்தைக் காலை நேர நெரிசலுக்குப் பலியிடுவது, அரும்பொருளகத்துப் பாத்திரத்தில் சோறு வடிப்பதற்குச் சமம்.

---

டெர்பிவாசி எழுதுகிறார்:

விரிவான விடைகளுக்கு நன்றி. சட்டம் குறித்த குழப்பம் தீர்ந்தது. வழிப்போக்கனின் கருத்துத்தான் இங்கே பலருக்கும். புறவழிப்பாலம் வேண்டுமென்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் 7.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தடை ஏற்கெனவே உண்டே. அந்தத் தடையை ஒழுங்காக நடைமுறைப்படுத்தினாலே பாலம் தப்பிவிடாதா? உண்மையில் பாலத்துக்கு ஆபத்து எடையினாலா, வேறு எதனாலா?

---

கல்லும்சுண்ணாம்பும் எழுதுகிறார்:

நல்ல கேள்வி. எடையும் அகலமும் வேறுவேறு சிக்கல்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் விவாதம் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது.

கல்வளைவு என்பது எடையை வெறுக்கும் அமைப்பு அல்ல. அதன் கற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால்தான் நிற்கிறது. மேலே நிரப்பிய மண்ணின் பளுவே அதற்கு ஒரு வகையில் உறுதி. ஒரு சக்கரத்தின் அழுத்தம் அந்த மண்ணில் பரவி அகன்ற பிறகே வளைவை எட்டும். எனவே வண்டியின் மொத்த எடையைவிட ஓர் அச்சின் மீது விழும் எடையும், வளைவின் உச்சியில் மண் எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதும் முக்கியம். கனத்த வண்டிகள் உண்டாக்கும் கேடு பெரும்பாலும் பக்கச் சுவர்களில் தெரியும். உள்ளே நிரப்பிய மண் ஒவ்வொரு முறை அழுந்தும்போதும் சுவரைச் சிறிது வெளியே தள்ளுகிறது. காலப்போக்கில் சுவர் வயிறு தள்ளி நிற்கும், வளைவுக்கும் சுவருக்கும் இடையே நீளவாக்கில் விரிசல் விழும். பல பழம்பாலங்களின் பக்கவாட்டில் வட்டமான அல்லது சிலுவை வடிவமான இரும்புத் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். இரு பக்கச் சுவர்களையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் முனைகள் அவை.

எடைத் தடை இந்த வகைக் கேட்டைக் குறைக்கும். அதனால் அதை மீறுபவர்களைப் பிடிப்பது அவசியம். ஆனால் சாலை அடிக்கடி மூடப்படுவதற்குக் காரணமான கைப்பிடிச் சுவர் மோதல்களை அது முற்றிலும் தடுக்காது. குதிரை வண்டிக்குப் போதுமான சாலைத் திருப்பங்களில் இன்றைய வேன் ஒன்று, எடை வரம்புக்குள் இருந்துகொண்டே, தன் பின்பகுதியால் சுவரை இடித்துவிட முடியும். வேகத்தைக் குறைப்பதும், மிகக் குறுகலான இடங்களில் ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் விடுவதும்தான் அதற்கு மருந்து. சமிக்ஞை விளக்கு வைத்தால் இருபுறமும் வரிசை நீளும், அதற்கு உள்ளூரில் எதிர்ப்பு வரும் என்பதையும் அறிவேன்.

இவ்விரண்டையும்விட நான் அஞ்சுவது நீரரிப்பை. வெள்ளக் காலத்தில் தூணைச் சுற்றிச் சுழலும் நீர் அடித்தளத்துக் கீழிருந்து மண்ணை வாரிக்கொண்டு போகும். மேலே ஒரு விரிசலும் தெரியாது. யார்க்ஷயரில் டாட்காஸ்டர் பாலத்தின் ஒரு பகுதி 2015 டிசம்பர் இறுதியில் அப்படித்தான் ஆற்றில் சரிந்தது. அது திரும்பத் திறக்கப்பட 2017 பிப்ரவரி ஆயிற்று. ஸ்வார்க்ஸ்டோன் மேட்டுப்பாதையின் வளைவுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பவை. மாடு மேயும் புல்வெளியில் பாலம் எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். டிரென்ட் கரை புரளும்போது அந்தச் சமவெளி முழுவதும் ஏரியாகிறது. வெள்ளம் அந்த வளைவுகளின் வழியாகத்தான் மறுபக்கம் போயாக வேண்டும். ஒரு வளைவின் வாயில் மரக்கிளையும் வேலிக்கட்டையும் அடைத்துக்கொண்டால் பக்கத்து வளைவில் நீரின் வேகம் கூடி அடித்தளத்தைக் குடையத் தொடங்கும். ஆகவே வறண்ட நாளில் வளைவுகளைத் துப்புரவாக வைத்திருப்பது, யாரும் படம் எடுக்காத, யாரும் பாராட்டாத, ஆனால் மிகவும் பயனுள்ள பராமரிப்பு.

வழிப்போக்கனின் யோசனைக்கு நான் எதிரி அல்ல. ஆயினும் அதே சமவெளியில் புதிய சாலை வருமென்றால், அதுவும் நீரின் வழியில்தான் நிற்கும். அதன் தூண்களும் கரைகளும் வெள்ளத்தைப் பழைய வளைவுகளின் மேல் திருப்பிவிடாதபடி வடிவமைக்க வேண்டும். செலவு அதில்தான் ஏறுகிறது.

---

பழங்கணக்கு எழுதுகிறார்:

வண்டிகளை அகற்றிய பிறகு என்ன ஆகிறது என்பதற்கு இரண்டு முன்னுதாரணங்களைச் சொல்கிறேன். மேற்கு சசெக்ஸில் அருண் ஆற்றின் மேல் உள்ள ஸ்டோபம் பாலம் 1422–23இல் கல்லால் கட்டப்பட்டது. படகுகள் போவதற்காக 1822இல் அதன் நடு வளைவை உயர்த்தினார்கள். அதனால் மற்ற வளைவுகளின் வரிசையிலிருந்து அது ஒன்று மட்டும் எழும்பித் தெரியும். 1986இல் பக்கத்திலேயே புதுப்பாலம் வந்ததும் பழையதிலிருந்து வண்டிகள் நீங்கின. கம்பிரியாவில் லூன் ஆற்றைக் கடக்கும் கர்க்பி லான்ஸ்டேல் ஊரின் சாத்தான் பாலமும் 1932 முதல் வண்டிகளுக்கு மூடப்பட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடிப் பேசும் இடமாக அது பெயர் பெற்றிருக்கிறது, வண்டிகளைப் பாலத்துக்கு அருகே நிறுத்திவிட்டுத்தான். இரண்டும் நன்றாகவே இருக்கின்றன.

ஆனால் அவை இரண்டும் ஓர் ஆற்றை மட்டும் கடக்கும் குறுகிய பாலங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் மாற்றுப்பாலம் போடுவதும், ஒரு மைலுக்குச் சற்றுக் குறைந்த வெள்ளச் சமவெளிக்கு மாற்றுவழி போடுவதும் ஒரே அளவு வேலை அல்ல. ஸ்வார்க்ஸ்டோனின் சிறப்பாக நாம் கொண்டாடும் அந்த நீளமே அதன் தீர்வுக்குத் தடையாகவும் இருக்கிறது.

---

டெர்பிவாசி எழுதுகிறார்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சிறு ஐயம் மட்டும் மிச்சம்: மோதிச் சுவரை இடித்த வண்டியின் ஓட்டுநர் தொல்சின்னச் சட்டத்தின் கீழ் குற்றவாளி ஆவாரா?

---

கல்லும்சுண்ணாம்பும் எழுதுகிறார்:

பெரும்பாலும் ஆக மாட்டார். சேதப்படுத்தும் நோக்கமோ, சேதம் விளைந்தால் விளையட்டும் என்ற துணிச்சலோ இருந்தால்தான் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது குற்றம். சாதாரணக் கவனக்குறைவு அதற்குள் வராது. ஆனால் பழுதுபார்க்கும் செலவை ஓட்டுநரிடமிருந்து, அதாவது அவருடைய காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து, மாவட்ட மன்றம் கேட்டுப் பெறலாம். இடித்துவிட்டு நிற்காமல் போனவர் யாரென்று தெரியாவிட்டால் அந்தச் செலவு மன்றத்தின் தலையில்தான் விழும். ஆகவே மோதலை நேரில் பார்க்க நேர்ந்தால் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, காவல்துறைக்கும் மாவட்ட மன்றத்தின் நெடுஞ்சாலைப் பிரிவுக்கும் அன்றே தெரிவித்துவிடுங்கள். விழுந்த கற்களை ஒதுக்கிவைக்கும் எண்ணத்தில் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது. அவை அந்தந்த இடத்துக்கே திரும்ப வேண்டியவை.